அடுத்த டேப்பைப் போடவும்

இன்று காலை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். சமையல் மேடையில் கிடந்த கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கையெல்லாம் மீன் என்பதால் குனிந்து எட்டிப் பார்த்தேன். பேக்கப் முடிந்துவிட்டதாம். யார் செய்யச் சொன்னது? எப்போது தொடங்கியது, எங்கே கொண்டுபோய் வைத்தது, ஒன்றும் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டுக் கடைசியில் மருமகளுக்குத் தகவல் சொல்வார்களே, அந்த மாதிரிக் கோபம்.

மீனைக் கழுவி மஞ்சள் போட்டு வைத்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். பிரான்சிலிருந்து யாரோ கொண்டுவந்த வெண்ணெய் பிஸ்கட் டப்பா. மூடியில் கலங்கரை விளக்கம், அதன் பாதி துருவாகிவிட்டது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டேப். பழைய பாட்டு கேசட்டைச் சதுரமாக்கிக் கொஞ்சம் தடிப்பாகச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒட்டியிருந்த காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ‘ஞாயிறு 1’ என்று உருண்டையான கையெழுத்து. பக்கத்தில் புடவைத் துணிக் கிழிசலில் முடிந்த ஒரு பிடி அரிசி. கடல் காற்றின் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று குணா அக்கா போட்டு வைத்தது. வண்டு அரித்து அரிசி மாவாகிவிட்டது. ஆனால் மூடியைத் திறந்ததும் வந்த வாசனை அப்படியே இருந்தது: பிளாஸ்டிக்கும் பழைய அரிசியும் ஏ.சி. காற்றும் கலந்த வாசனை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. இரண்டாயிரங்களின் தொடக்கம். ஊருக்குப் பெயர் இன்னும் மாறவில்லை, எல்லோருக்கும் பாண்டிதான். வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய மாடி வீட்டில் அந்த அலுவலகம் இருந்தது. பிரான்சிலிருக்கும் பதிப்பகங்கள் கையெழுத்துப் படிகளையும் பழைய புத்தகங்களையும் அனுப்புவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அவற்றைக் கணினியில் அடித்துப் பக்கமாக்கித் திருப்பி அனுப்புவார்கள். கூடத்தில் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேரின் வீட்டில் அப்பனோ புருஷனோ மில்லில் வேலை பார்த்து, மில் மூடியதும் வேறு எதையாவது பிடித்துக்கொண்டவர்கள். என் அப்பாவும் அப்படித்தான். மீதிப் பேர் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து விடிகாலையில் களத்து வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி வருகிறவர்கள். இவர்களில் ஒருத்திக்கும் பிரெஞ்சு தெரியாது. எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு இடப்பக்கமா வலப்பக்கமா, அடியில் வால் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். அதில் மட்டும் ஒருநாளும் பிசகமாட்டார்கள்.

முதலாளியை முசியே என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். எங்களைக் கல்யாணம் ஆனவளானால் மதாம் என்றும் ஆகாதவளானால் மத்மொசேல் என்றும் கூப்பிடுவார். அவருடைய ஒரே சட்டம்: “படிக்காதே, அடி.” படித்தால் வேகம் குறையும், நாமாக ஒரு சொல்லை ஊகித்து அடித்துவிடுவோம், தப்பு வரும். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் மூளை வரக்கூடாது என்பது அவர் கட்சி.

என் வேலை ‘சிஸ்டம்ஸ்’. கேட்கப் பெரிதாக இருக்கும். மவுஸின் அடியில் இருக்கும் உருண்டையைக் கழற்றி, அதில் சுற்றிய தலைமுடியை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டுவதுதான் நாள் முழுக்க. மற்றபடி எனக்குப் பெருமை தந்த ஒரே காரியம் ஞாயிற்றுக்கிழமை பேக்கப். அந்த வாரம்வரை சர்வரில் சேர்ந்த அத்தனையையும் டேப்பில் எழுதி வைக்க வேண்டும். பழைய டிரைவில் ஒரு டேப்புக்கு இருபது ஜி.பி.தான். அது நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிரம்பியதும் மிஷின் நின்றுவிடும். திரையில் ஒரு கட்டம் வந்து, அடுத்த டேப்பைப் போடவும் என்று இங்கிலீஷில் கேட்கும். போட்டால் மேலே எழுதும். போடாவிட்டால் நாள் முழுக்கக் காத்திருக்கும். நாலு டேப். காலை எட்டரைக்குத் தொடங்கினால் சாயங்காலம் ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் ஒரு பெண் தனியாக இருக்கக்கூடாது என்பது முசியே போட்ட உத்தரவு. துணைக்கு யார் வருகிறீர்கள் என்று கூடத்தில் கேட்டபோது எல்லோரும் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையை யார் விடுவார்கள்? கை தூக்கியது குணா அக்கா மட்டும். முழுப் பெயர் குணவதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கூடத்திலேயே வேகமான விரல் அவளுடையது. உழவர்கரையில் வீடு, மாமனார் மாமியார் கொழுந்தன் குடும்பம் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். எனக்கு அப்போது அவள்மேல் பரிதாபம்தான் வந்தது. மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கிறாள் பாவம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எல்லோரையும் பற்றி ஒரு கருத்து இருந்தது, எல்லாமே தப்பு.

ஞாயிறு காலை அவள் புருஷன் ஏழுமலை அண்ணன் டி.வி.எஸ். ஐம்பதில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மில் மூடியபின் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்தால், “எங்கூட்டுக்காரி இல்லன்னா உங்க மிஷினு நின்னுடுமாமே” என்பார். கிண்டல்போலச் சொல்வார், ஆனால் பெருமை தெரியும். அக்கா விடிகாலை எழுந்து கறிக்குழம்பு வைத்து, வீட்டுக்குக் கொஞ்சம், எங்களுக்குக் கொஞ்சம் என்று தூக்கில் எடுத்துவந்திருப்பாள்.

சர்வர் அறை அந்த வீட்டின் பழைய சாமான் அறை. அலுவலகத்தில் ஏ.சி. இருந்த ஒரே இடமும் அதுதான். தூசு வரக்கூடாதென்று செருப்பை வெளியே விடவேண்டும். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு, உள்ளே நாங்கள். மாதா கோயில் மணி ஓய்ந்து, பூசைக்குப் போனவர்கள் திரும்பி, தெருவெல்லாம் மீன் வறுக்கும் வாசனை எழும்பும். நான் வாரப் பத்திரிகையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நீள நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். மிஷின் பீப் அடித்தால் அவளே எழுந்து அடுத்த டேப்பைப் போட்டுவிட்டு வருவாள். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பிறகு புது டிரைவ் வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்து மாட்டிவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு டேப்பில் நூறு ஜி.பி.! எங்கள் சர்வர் மொத்தமே எழுபதுதான். கல்யாண வீட்டில் புது நகை போட்டவள்போல நான் கூடத்தில் இங்குமங்கும் நடந்தேன்.

குணா அக்கா மெதுவாக வந்து கேட்டாள். “இதுவும் நடுவுல நின்னு கேக்குமா?”

“கேக்காதுக்கா. ஒரே டேப்பு. சனிக்கெழம சாயங்காலம் போட்டுட்டுப் போனா அதுவே முடிச்சிக்கும். நீங்க ஞாயித்துக்கெழம நிம்மதியா வூட்ல இருக்கலாம்.”

அவள் முகம் சட்டென்று வாடியது. புரியவில்லைபோல என்று நினைத்து நான் மறுபடியும் விளக்கமாகச் சொன்னேன். என் புத்தி அப்படி.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதல் ஞாயிறு மட்டும் வந்தோம். முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும், பீப். திரையில் அதே கட்டம். அடுத்த டேப்பைப் போடவும். எனக்கு மானமே போய்விட்டது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், மறுபடி தொடங்கினேன், மறுபடியும் அதே இடத்தில் நின்று கேட்டது. அக்கா வாயெல்லாம் பல்லாக, “பாத்தியா, இதுவும் கேக்குது” என்றாள்.

திங்கட்கிழமை முழுக்க மானுவலோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தேன். டிரைவ் புதியது, ஆனால் பேக்கப் சாஃப்ட்வேர் பழையது. டேப் எவ்வளவு கொள்ளும் என்பதை அது டிரைவைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. நாம் எழுதிக் கொடுத்த கணக்கைத்தான் நம்பும். அதில் இருபது என்றே இருந்தது. அண்டாவைக் கொடுத்தாலும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நிரம்பிவிட்டது என்று சொல்கிற ஆளாக அது இருந்தது. அந்த ஒரு வரியில் இருபதை எடுத்துவிட்டு நூறு என்று போட்டால் தீர்ந்தது.

மதியம் தூக்கு கழுவும் குழாயடியில் குணா அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

“அத மாத்தியே ஆவணுமாடி?”

“ஏங்க்கா?”

“ஒம்போது ஞாயிறு பொறுத்துக்க. அப்புறம் நீ இன்னா வேணா பண்ணு.”

பிரெஞ்சுப் பரீட்சை எழுதப்போகிறாள். அந்த நீள நோட்டு அதுதான். பாஸ் செய்தால் அடிக்கும் கூடத்திலிருந்து, படித்துப் பிழை திருத்தும் புரூஃப் மேசைக்கு மாற்றுவதாக முசியே சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டில் அவள் புத்தகத்தை விரித்த ஒரே நாள், “எம்மவன் வெயில்ல காயறான், இவ ஒக்காந்து படிக்கறா” என்று மாமியார் ஆரம்பித்து மூன்று நாள் ஓயவில்லையாம். மிஷின் கூப்பிடுகிறது என்றால் மட்டும் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

“ஆறு வருஷமா அடிக்கறேன். ஒரு எழுத்து தப்பு வராது. எம்பொண்ணு கேக்குது, ‘இன்னிக்கி இன்னாம்மா அடிச்சே’ன்னு. நூத்திப் பதினாலு பக்கம்னு சொல்றேன். அதுக்கு மேல எனக்கு இன்னாடி தெரியும்?”

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தூக்கின் அடிப்பாகத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாரா வாரம் அவள் முதுகுக்குப் பின்னால் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வரியை நான் மாற்றவில்லை. சிஸ்டம்ஸ் வேலையில் நான் தெரிந்தே செய்த முதல் தப்பு அது. இன்றைக்கும் வருத்தமில்லை. இன்னொன்றும் செய்தேன், அதற்குத்தான் வருத்தம். புது டேப் போடும்போதெல்லாம் சாஃப்ட்வேர், இது எந்த டேப், மேலே எழுதலாமா என்று நச்சரித்தது. எந்த டேப்பானாலும் கேட்காமல் எழுது என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்து அதன் வாயை அடைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

புது டிரைவ் வேகமானது. நாலு டேப்பும் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே நாங்கள் மிஷினைக் காக்க வைத்தோம். அது பீப் அடித்துக் கேட்கும். அக்கா, “இரு, இந்தப் பாடம் முடியட்டும்” என்பாள். மிஷின் இருக்கும். நான் தூக்கத்தை விட்டுவிட்டு வாத்தியார் ஆனேன். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லைக் கேட்பேன், அவள் அர்த்தம் சொல்லுவாள். உச்சரிப்பு எங்கள் இருவருக்கும் வராது. எதிர்வீட்டு பிரெஞ்சுக் கிழவர் ஜன்னலோரம் வந்து நின்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். கறிக்குழம்பு சாதம் பிசைந்து அவள் எனக்கு ஒரு உருண்டை, தனக்கு ஒரு உருண்டை என்று வைத்துக்கொண்டே வினைச்சொற்களை ஒப்பிப்பாள். அப்படி ஒரு ருசி அப்புறம் எந்தக் குழம்பிலும் வரவில்லை.

அந்த நாட்களில் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏதோ மடத்துச் சாமியார் எழுதியது. முதல் பக்கத்தில் சிலுவை, அதன் கீழே எரிகிற மெழுகுவத்தி. குணா அக்காவுக்கு அது வந்தது. வேதப் புத்தகம் என்று நினைத்து, அதை அடிக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள். வேற்று மதமானால் என்ன, சாமி சாமிதானே. பக்கத்து நாற்காலிப் பெண்களும் தொற்றிக்கொண்டார்கள். ஒரு வரிசையே வெறுங்காலில் அடித்தது. முசியே அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்ததை நானே பார்த்தேன்.

ஆறாவது ஞாயிறு. அன்று பரீட்சைக்கான மாதிரிக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது டேப்பைக் கேட்டு மிஷின் காத்துக்கொண்டே இருந்தது. அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மேசையில் கைக்கு வந்த டேப்பை எடுத்துப் போட்டாள். அது ஏற்கெனவே நிரம்பிய ஒன்றாம் டேப். நானும் கவனிக்கவில்லை. வாயை அடைத்து வைத்திருந்ததால் சாஃப்ட்வேரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை கூடத்துப் பெண் ஒருத்தி இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று சாமியார் புத்தகத்தின் ஃபோல்டரையே அழித்துவிட்டு ஓவென்று அழுதாள். “அழாத, டேப்புல இருக்கு” என்று நான் ராஜநடை போட்டுப் போனேன். ஒன்றாம் டேப்பைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்தது மூன்றாவது பகுதி. இன்னொருமுறை பார்த்தேன். ஏ.சி.யில் எனக்கு வியர்த்தது. முந்தைய வாரத்து டேப்புகளில் புத்தகம் இருந்தது, ஆனால் கடைசி மூன்று அத்தியாயங்கள் அதற்கும் ஆறாவது ஞாயிறுக்கும் நடுவில்தான் அடிக்கப்பட்டவை. அறுபது பக்கம் எங்குமே இல்லை. சனிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

“நான் போட்டதுடி. நான் போய்ச் சொல்லிடறேன்” என்று கிளம்பினாள் அக்கா.

“உங்கள யாரு கேட்டா? கேக்க வேண்டிய மிஷின கேக்க வுடாம பண்ணது நான்” என்று சொல்லிவிட்டு நானே முசியே அறைக்குப் போனேன். புது டிரைவுக்குக் கணக்கை மாற்றாமல் விட்டது, கேள்வியை அடைத்தது, இரண்டும் என் தப்பு என்றேன். இரண்டும் நிஜம்தானே. ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. முசியேவுக்குக் கோபம் வந்தால் முதலில் பிரெஞ்சில் திட்டுவார், அப்புறம் மரியாதையாகத் தமிழுக்கு வருவார். தமிழுக்கு வந்தபின்தான் நமக்கு வலிக்கும்.

“மத்மொசேல், பெரிய டிரைவ் எதுக்கு வாங்கினோம்? வாங்க. என் கண்ணெதிர்ல மாத்துங்க.”

மாற்றினேன். இருபதை அழித்து நூறு. கேள்வி கேட்கும் கட்டத்தையும் திறந்துவிட்டேன். அரை நிமிஷ வேலை. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குணா அக்கா நின்றுகொண்டிருந்தாள். பரீட்சைக்கு இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது. அந்த மூன்றும் என் விரலால் போயின. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அறுபது பக்கத்தையும் திரும்ப அடிக்க அக்காவே உட்கார்ந்தாள். வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம், கூடத்தில் தட்டச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத நேரத்தில், “அடிப்பாவி!” என்று ஒரு குரல். அக்காதான். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

“இது தேனீடி! தேனீ வளக்கற புக்குடி இது! ராணி ராணின்னு வருதே, ஏதோ மாதாவச் சொல்றாங்கன்னு இல்ல நெனச்சேன்!”

மடத்தில் சாமியார்கள் தேனீ வளர்த்து மெழுகு எடுப்பார்களாம், அதற்குத்தான் அந்த மெழுகுவத்தி. முதல் தடவை விரல் மட்டும் அடித்தது. இரண்டாம் தடவை அவளை அறியாமல் கண் படித்துவிட்டது. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த வரிசை முழுக்கத் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. மேசை குலுங்கியது. ஒருத்தி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். சிரிப்பின் நடுவே அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேளுங்கடி, ராணி செத்துட்டா கூட்டுல மத்ததெல்லாம் ஒரு மாதிரி மொனவுமாம்” என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். முசியே அறையிலிருந்து வெளியே வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. படிக்காதே என்ற சட்டம் போட்டவர் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு சொல்லை மட்டும் திருத்திவிட்டு, உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை புத்தகம் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் நான் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் ஏழுமலை அண்ணன் வண்டியோடு நின்றிருந்தார். அக்கா இன்னும் மேலே இருந்தாள்.

“ஏம்மா, இனிமே ஞாயித்துக்கெழம மிஷினு கூப்டாதாமே?”

“ஆமாண்ணே. சரி பண்ணியாச்சு.”

அவர் ஆக்சிலேட்டரைச் சும்மா திருகினார். “வேற ஒரு மிஷினும் இல்லியா?”

“எதுக்குண்ணே?”

“பரீட்சைக்கு மூணு வாரந்தான் கெடக்கு. வூட்ல இருந்தா அது அடுப்ப வுட்டு நவராது. எனக்குத் தெரியும்மா. மொதல்லயே தெரியும். நோட்டுல எண்ணெ பட்டுச்சின்னா நாந்தான் வெயில்ல காய வெச்சி எடுத்தாருவேன். தெரிஞ்சிக்கினேன்னு காட்டிக்கினா அதுக்கு ஒரு மாதிரி ஆயிடும். எங்கம்மாவுக்கு மிஷினுன்னாதான் புரியும், படிப்புன்னா புரியாது. ஏதாச்சும் பாரும்மா.”

மில் மூடியபிறகு அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்டார். சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு மேலே ஓடினேன்.

முசியே கிளம்பிக்கொண்டிருந்தார். “முசியே, டேப்புல எழுதினா மட்டும் போதாது. எழுதினது திரும்ப வருதான்னு ஞாயிறுதோறும் போட்டுப் பாக்கணும். நாம அப்படிப் பாத்திருந்தா அறுபது பக்கம் போயிருக்காது” என்றேன். சத்தியமான உண்மை. சாஃப்ட்வேரில் அதற்கென்றே ஒரு வசதி இருந்தது, அதை நான் அதுவரை தொட்டதில்லை. “ரெண்டு பேர் வேணும். நானும் மதாம் குணவதியும்.”

“எத்தனை வாரத்துக்கு?”

“மூணு வாரம், முசியே.”

சொன்னபிறகுதான் உறைத்தது. எந்த ஊரில் மூன்றே வாரத்துக்கு பேக்கப் சோதனை செய்வார்கள்? முசியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“மூணு வாரமும் நீங்களும் வரணும். அது உங்களுக்குத் தண்டனை” என்றார்.

அந்த மூன்று ஞாயிறும் மிஷின் எதையும் கேட்கவில்லை. எழுதியதைத் தானே படித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஆனாலும் பழக்கத்தில் குணா அக்கா மணிக்கு ஒருதரம் எழுந்துபோய் அதை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். பரீட்சையில் பாஸ். புரூஃப் மேசையில் முதல் நாள் உட்கார்ந்தபோது செருப்பைக் கழற்றினாள், இந்தத் தடவை தெரிந்தே. மறுவருஷம் நான் சென்னைக்கு வேலை கிடைத்துப் போனேன். கிளம்பும்போது அவள் கொடுத்ததுதான் இந்த டப்பா, ஓரம் நசுங்கிக் கழித்துப்போட்ட இந்த டேப், இந்த அரிசி முடிச்சு.

இப்போது நான் பாண்டிக்குப் பக்கத்தில் காலாப்பட்டுக்குக் குடிவந்து நாலு வருஷமாகிறது. டவுனுக்குப் போனால் அந்த வீட்டு வழியாகப் போவேன். சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. கூடத்தில் சாப்பாட்டு மேசைகள். எங்கள் சர்வர் அறை இருந்த இடத்தில் குளியலறை இருக்கவேண்டும், வெளிச்சுவரில் குழாய் போகிறது. பார்த்து அடிக்கிற வேலையே இப்போது இல்லை, எழுதுகிறவர்களே அடித்து அனுப்பிவிடுகிறார்கள். முசியே இல்லை. ஏழுமலை அண்ணனும் போய்விட்டார், கொரோனா வந்த வருஷத்துக்கு முந்தைய மழையில். இந்த டேப்பைப் படிக்கிற டிரைவ் பழைய சாமான் கடையில்கூடக் கிடைப்பதில்லை, கேட்டுப் பார்த்தேன்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே குணா அக்காவுக்குப் போன் போட்டேன்.

“இன்னாடி, அதிசயமா?”

“ஞாயிறு ஒண்ணுக்கா. கையில வெச்சிருக்கேன்.”

சிரித்தாள். வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறாள். ஃபைல் வந்துகொண்டே இருக்கும், பார்த்துப் பார்த்து அனுப்பவேண்டும். மாமியார் காலமாகிவிட்டார், கொழுந்தன் தனியாகப் போய்விட்டான், மகள் பிரான்சில் இருக்கிறாள்.

“இப்பதான் வூடு நிம்மதியா இருக்குமேக்கா” என்றேன்.

“வூடு பூரா எடம் கெடக்குடி. ஒக்காரத்தான் நேரமில்ல.” உடனே, “அந்த டேப்புல இன்னா இருக்குன்னு சொல்லட்டா?” என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு சொல் தடுக்காமல் பிரெஞ்சில் இரண்டு வரி சொன்னாள். “எங்க, அர்த்தம் சொல்லு பாக்கலாம், வாத்தியாரம்மா.”

எனக்கு ராணி என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. மீதியெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. “இருங்கக்கா, யோசிக்கறேன்” என்றேன். அவள் காத்திருந்தாள். அவள் பக்கத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கூட்டில் மற்றதெல்லாம் முனகும் என்று அவள் அன்று சொன்னது எனக்கு ஞாபகம் வரும் நேரத்தில், அங்கே ஏதோ டிங் என்றது.

“ஃபைலு வந்துடுச்சிடி. பன்னண்டுக்குள்ள குடுக்கணும். அப்புறமா பேசறேன்.”

வைத்துவிட்டாள். நெத்திலி மஞ்சளோடு அப்படியே கிடந்தது. தெருவில் யார் வீட்டிலோ கறிக்குழம்பு தாளிக்கும் வாசனை வந்தது. மணி பத்தரை. ஞாயிற்றுக்கிழமை.